பொதுச்சுவர்

ரசமட்டத்தின் குமிழி
ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கிறது.
மேலே இரண்டு விரல், கீழே நாலு விரல்.
நூற்றிருபது வருஷமாக
இந்தச் சுவர் எதையோ எட்டிப் பார்க்கிறது.

பெத்தெஸ்டாவில் இன்றும் மழை.
வேனிலிருந்து இறக்குவதற்குள்
இரண்டு பலகைகளின் ஓரம் ஊறிய ரொட்டியாகிவிட்டது.
"தனியாகவா ஒட்டப் போகிறாய், மெரெரிட்?"
கடைக்காரன் கெத்தினுக்குச் சிரிப்பு.
ஒட்டப் போவதில்லை. பசையை
ஈரம் தின்றுவிடும்.
ரீப்பர் அடித்து, இடையில் கல்பஞ்சு திணித்து,
மேலே பலகையைத் திருகுவேன்.
எதற்கு இத்தனை என்று அவன் கேட்கவில்லை.
குளிருக்கு என்று நினைத்திருப்பான்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
இந்தச் சுவருக்கு இருப்பது தொண்டை.
ராத்திரி இரண்டு மணிக்கு இருமத் தொடங்கும்.
முதலில் வறட்டு இருமல்,
பிறகு இழுப்பு,
பிறகு கட்டில் ஸ்பிரிங், தண்ணீர்க் குழாய்.
அடுத்தது எப்போது என்று
விழித்துக் கிடப்பேன்.
ஐந்தரைக்கு பாங்கர் போகும் முதல் பேருந்து.
அதை ஓட்டுவது நான்.

டெகிட் என்று பெயர்.
குப்பைத்தொட்டி வைப்பது எந்தக் கிழமை என்பதைத் தவிர
நாலு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பழைய பூச்சை உரித்தேன்.
சுண்ணாம்போடு குதிரைமயிர் உதிர்ந்தது,
கறுப்பும் செம்பட்டையுமாக.
துளையிட்டால் கல்லிடுக்கிலிருந்து மணல்தான் வருகிறது.
பிளக் பிடிக்காமல் சுற்றுகிறது,
தூக்கம் வராமல் புரள்கிற மாதிரி.
தீக்குச்சி இரண்டை ஒடித்துச் செருகினேன்.
பிடித்தது.
ஒரு ரீப்பருக்கு அடியில் ஸ்லேட் சில்லு ஒன்று,
அடுத்ததற்கு மூன்று,
ஒற்றைக் கண்ணை மூடி, நூல் பிடித்து,
குமிழி நடுவுக்கு வரும்வரை
முட்டுக்கொடுத்தேன்.

ஐந்தாவது துளையின்போது
மறுபக்கம் தட்டும் சத்தம்.
சனிக்கிழமை, பகல் பதினொன்று, என் மேல் தப்பில்லை.
சுத்தியல் பிடியால் நானும் தட்டினேன்.
பதில் இல்லை.
கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர்,
கம்பளிச் சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்.
"என் பக்கம் ஒரு படம் விழுந்துவிட்டது.
பரவாயில்லை, பிடிக்காத படம்."

உள்ளே வந்தார். ரீப்பர்களைப் பார்த்தார்.
கல்பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தார்.
"இருமல் கேட்கிறதா?
தலையணையைக் கடித்துக்கொண்டுதான் இருமுகிறேன்."
குளிருக்குத்தான் இதெல்லாம் என்றேன்.
என் முகம் எனக்கே தெரிந்தது.
"உன் அலாரம் எனக்குக் கேட்கும்," என்றார்,
"நாலரைக்கு.
அப்பாடா, ஒரு ராத்திரி போயிற்று என்று
அதற்கப்புறம்தான் தூங்குவேன்."

பலகையின் மறுமுனையை
நான் கேட்காமலே தூக்கினார்.

சாணுக்கு ஒரு திருகாணி.
தலை அமிழ வேண்டும், தாள் கிழியக்கூடாது,
அவ்வளவுதான் வித்தை.
தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தவருக்கு
நடுவில் இருமல் வந்தது.
பலகை முழுக்க அதிர்ந்தது.
திருகாணி கோணலாக இறங்கித் தாளைக் கிழித்தது.
"மன்னித்துக்கொள்," என்றார்.
அதைப் பிடுங்கவில்லை,
இரண்டு விரல் தள்ளி இன்னொன்று போட்டேன்.

இருட்டுவதற்குள் நாலு பலகைகள் நின்றன.
அறை ஒரு கையளவு சுருங்கிப்போயிற்று.
டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம்.
போகும்போது மறக்காமல்
தன் பக்கத்துப் பூச்சுக்கு
சுண்ணாம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது மணி இரண்டேகால்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்கவில்லையே என்று
விழித்துக் கிடக்கிறேன்.

ஸ்விட்ச் பெட்டிக்காக வெட்டிய ஓட்டை
இன்னும் திறந்துதான் கிடக்கிறது.
அலாரத்தை எடுத்துப்போய்
அதன் வாயருகே வைத்தேன்.
மூட்டுகளுக்கு டேப் ஒட்டுவதை
அடுத்த வாரம் பார்க்கலாம்.